வாசகர் கேள்வி: ஹார்னெட் ஏன் கே-ஹார்னெட் ஆகிறது?

கேள்வி: அமெரிக்காவில் பண்ணை வைத்திருக்கும் என் நண்பர், தம்முடைய பழைய .22 ஹார்னெட் துப்பாக்கியைக் ‘கே-ஹார்னெட்’ ஆக மாற்றப் போவதாக எழுதியிருக்கிறார். அது கடைகளில் கிடைக்காத ‘வைல்ட்கேட்’ வகைத் தோட்டாவாம். கடையில் கிடைக்காத தோட்டாவுக்காக நல்ல துப்பாக்கியில் ஏன் கை வைக்க வேண்டும்? – வாசகர், மதுரை

பதில்: பெரிய ஆலைகள் தரப்படுத்தி விற்காமல், துப்பாக்கிக் கைவினைஞர்களும் ஆர்வலர்களும் இருக்கும் கூட்டின் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையின்) வடிவத்தை மாற்றித் தாமே உருவாக்கிக்கொள்ளும் தோட்டாவையே அங்கே வைல்ட்கேட் என்கிறார்கள். ஹார்னெட்டே அப்படிப் பிறந்ததுதான். கரிமருந்துக் காலத்துப் பழைய .22 தோட்டா ஒன்றை வைத்து 1920களில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையைச் சேர்ந்தவர்கள் சோதனை செய்தார்கள். 1930இல் வின்செஸ்டர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் மர்மோட் போன்ற சிறு விலங்குகளைச் சுடுவதற்கு, அதிக ஓசையும் உதைப்பும் இல்லாத இந்தத் தோட்டா பண்ணையாளர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

ஹார்னெட்டின் கூடு மெல்லியது. அடியிலிருந்து கழுத்தை நோக்கிச் சரிந்து ஒடுங்குவது. காலிக் கூட்டில் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறவர்களுக்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்னோக்கி நீண்டு விரைவில் விரிசல் விடுவது பெரிய தொல்லை. 1940ஆம் ஆண்டளவில் லைஸ்ல் கில்போர்ன் என்ற கைவினைஞர் அந்தச் சரிவைக் குறைத்து, கூடு கழுத்தாக ஒடுங்கும் தோள்பகுதியைக் கூர்மையான கோணத்தில் அமைத்தார்; பித்தளை நீள்வது அதனால் குறைந்தது. கில்போர்ன் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்தே ‘கே’.

மாற்றும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. தேர்ந்த கைவினைஞர், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையை மட்டும் புதிய வடிவத்துக்குக் கடைந்து தருவார். பிறகு அதே அறையில் கடையில் வாங்கிய சாதாரண ஹார்னெட் தோட்டாவைச் சுட்டால், அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறையின் சுவரோடு படிந்து, கே-ஹார்னெட் கூடாகவே வெளியே வரும். தோளின் இடம் மாறியும் இது இயல்வதற்குக் காரணம், ஹார்னெட் கூட்டின் அடியிலுள்ள விளிம்பு: தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் நிறுத்திப் பிடிக்கிறது. ஆகவே கையால் நிரப்பிய தோட்டா தீர்ந்துபோனாலும் உங்கள் நண்பரின் துப்பாக்கி முடங்கிவிடாது. விளிம்பில்லாத தோட்டாக்களில் இந்த வசதி இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

வேகம் சற்றே கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதே என் கருத்து; கூடுதல் வேகம் வேண்டுமானால் 1950இல் வந்த .222 ரெமிங்டன் துப்பாக்கியை வாங்குவதே முறை, ஏனெனில் அதன் கூடு ஏறத்தாழ இருமடங்கு மருந்து கொள்ளும். கே-ஹார்னெட்டின் மெய்யான ஆதாயம் கூட்டின் ஆயுள். தோட்டாவைத் தாமே நிரப்பும் பழக்கம் இல்லாதவருக்கு அந்த ஆதாயமும் இல்லை.

இரண்டு விஷயங்களை நண்பருக்கு அவசியம் எழுதுங்கள். பழைய ஹார்னெட் குழல்கள் சிலவற்றின் உள்விட்டம் இன்றைய .224 அங்குலக் குண்டுக்குச் சற்றே குறுகலானது; அறையைக் கடைவதற்கு முன்பே குழலை அளந்து பார்க்க வேண்டும். கடைந்த பிறகு, குழலின் மேலுள்ள பழைய பெயருக்குப் பக்கத்தில் புதிய பெயரையும் பொறிக்க வேண்டும்; நாளை அந்தத் துப்பாக்கி வேறொருவர் கைக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் அறை எது என்பதை அவருக்குச் சொல்ல அந்தப் பொறிப்பைத் தவிர வேறு எதுவும் இருக்காது.