பட்டறை கேள்வி-பதில்: ஜூலையில் வெடித்த கதவு

கேள்வி: அண்ணா, தென்னாப்பிரிக்காவில் ஜொஹானஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவில் எங்கள் வீட்டுக் கராஜை மரவேலைப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். டர்பனில் அப்பா வீட்டில் வருடக்கணக்காகக் கிடந்த மெரன்டி பலகைகளைக் கொண்டுவந்து பூஜை மாடத்துக்குக் கதவு செய்து, தைப்பூசத்துக்கு முன்னால் மாட்டினேன். ஜூலையில் நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. காலையில் கை விறைத்துப்போகிறது, பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டர் வைக்கலாமா? கருவிகளெல்லாம் தரையில் குவிந்து கிடக்கின்றன. எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகர், லெனேசியா

பதில்: தம்பி, முதலில் கதவைப் பார்ப்போம், ஏனென்றால் பட்டறை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த வெடிப்பே சொல்லிவிடுகிறது. டர்பன் கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். ஜொஹானஸ்பர்க் பக்கமோ கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரம், மழை கோடையில்தான், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், உதடு வெடிக்கிற வறட்சி. டர்பனில் 14 சதவீதம் ஈரத்தோடு இருந்த பலகை இங்கே குளிர்காலத்தில் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும்போது ஓர் அடி அகலத்துக்கு நான்கைந்து மில்லிமீட்டர் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலத்தில்தான் இத்தனையும். நீங்கள் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் பசை போட்டு இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுருங்க இடமில்லாத மரம் வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது அந்த வெடிப்பில் பட்டி வைத்து அடைக்காதீர்கள், மழைக்காலம் வந்ததும் மரம் உப்பி அதைத் தள்ளிவிடும். பலகையைக் கழற்றி, வெடித்த கோட்டிலேயே முழுசாகப் பிளந்து, இரண்டு ஓரங்களையும் இழைத்து, நடுவில் மெல்லிய சட்டம் ஒன்று சேர்த்து ஒட்டுங்கள். திரும்ப மாட்டும்போது காடிக்குள் ஒரு சொட்டுப் பசைகூட வேண்டாம், இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். வேண்டுமானால் மேலேயும் கீழேயும் நடுவில் மட்டும் ஓர் ஆணி, பலகை இரு பக்கமும் சமமாக அசையும்.

பசையிலும் கவனம். பத்து டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. நானே ஒரு ஜூலை விடியற்காலையில் அவசரப்பட்டு ஒரு டிராயரை ஒட்டி, மறுநாள் கிளாம்பை எடுத்தபோது துளைக்குள் செருகிய கழுந்து முனை அப்படியே உருவி வந்துவிட்டது. உள்ளே பசை சுண்ணாம்புத் தூள் மாதிரி வெளுத்துக் கிடந்தது. காற்றைச் சூடாக்கினால் போதாது, பலகையும் பசையும் சூடாக இருக்க வேண்டும். அதனால் குளிர்காலத்தில் பசையும் வார்னிஷும் இரவில் வீட்டுக்குள்தான் இருக்கும், ஒட்ட வேண்டிய துண்டுகளும்தான். வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பாரஃபின் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும், அது குளிர்ந்த இரும்பில் படிந்து துருவாகும். மரத்தூள் பறக்கிற இடத்தில் திறந்த நெருப்பு எவ்வளவு ஆபத்து என்று சொல்லவே வேண்டியதில்லை. மூடிய இடத்தில் கரி அடுப்பு வைப்பதோ உயிரையே வாங்கும், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனைகூட இருக்காது. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டரை வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டு வையுங்கள், அதன்மேல் தூள் படியவிடாதீர்கள்.

ஆனால் ஹீட்டர் வாங்கும் முன் ஓட்டையை அடையுங்கள், அதுதான் மலிவு. கராஜ் கதவின் அடியில் ரப்பர் பட்டை. கூரைக்குக் கீழே கண்ணாடிக் கம்பளிச் சுருளைப் பரப்பி, அதன் நார் கொட்டாதபடி சீலிங் போர்டு. ஒரு எச்சரிக்கை: பழைய வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2008-இல் அதைத் தடை செய்தது, ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியேதான் நிற்கின்றன. அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அந்த வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒழுங்குபடுத்துவதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: தரையில் எதுவும் இருக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டையை 45 டிகிரி சரிவில் நீளவாக்கில் அறுங்கள். ஒரு பாதியைச் சரிவு மேலே, சுவர்ப் பக்கம் இறங்கும்படி சுவரில் அறையுங்கள், மறு பாதியை உளிப் பலகையின் முதுகில் தலைகீழாகப் பொருத்துங்கள். தூக்கி மாட்டினால் தானாகக் கவ்விக்கொள்ளும், பிடிக்கவில்லையென்றால் அப்படியே எடுத்து வேறிடத்தில் மாட்டலாம். தினமும் கையில் எடுக்கும் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி மேசைக்கு எட்டும் தூரத்தில். புதிதாக வரும் பலகையைச் சிமெண்ட் தரையில் போடாமல், குறுக்குச் சட்டம் வைத்து, இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது அப்படியே விடுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு சின்ன மீட்டரும் மாட்டிவிடுங்கள், மழைக்காலத்துக்கும் ஜூலைக்கும் அது காட்டும் வித்தியாசத்தைப் பார்த்தால் அடுத்த கதவுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: என் ரம்ப மேசையின் வார்ப்பிரும்புத் தளம் இரவோடு இரவாகத் துருப்பிடிக்கிறது. எண்ணெய் தடவலாமா?
- ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எண்ணெய் மரத்தில் கறையாக ஏறும் அம்மா, அப்புறம் வார்னிஷ் பிடிக்காது. துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கான் கலக்காத மெழுகைத் தடவி, காய்ந்ததும் துணியால் பளபளக்கத் துடையுங்கள். இரவில் பழைய கம்பளி ஒன்றைப் போட்டு மூடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் வெளியிலிருக்கும் ஈரக்காற்று சில்லென்றிருக்கும் இரும்பில் பட்டு வியர்க்கும், இரும்பு கொஞ்சம் சூடாகும்வரை அந்தக் கம்பளியை எடுக்காதீர்கள்.