பெரிய பகா எண்: அண்ணாச்சியிடம் கேட்டவை

தென்காசியிலிருந்து: அண்ணாச்சி, 2024-ல அறிவிச்ச பெரிய பகா எண்ணை முழுசா எழுதாம அதோட தொடக்க இலக்கமும் கடைசி இலக்கமும் சொல்ல முடியுமா?

முடியும். எண் 2^136279841 − 1, அதாவது 136279841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தது. லூக் டுரான்ட் என்பவர் கண்டது.

முடிவு சுலபம். 2-இன் அடுக்குகளில், 2^2 தொடங்கி, கடைசி இரண்டு இலக்கம் 20 படிக்கு ஒருமுறை திரும்பும். அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 1. 2^21 = 2097152, ஆகவே நம்ம அடுக்கும் 52-ல் முடியும். ஒன்று கழித்தால் 51.

தொடக்கத்துக்கு மடக்கை (log) வேண்டும். அடுக்கை 2-இன் மடக்கையான 0.301029995664-ஆல் பெருக்கினால் 41024319.9453. முழுப்பகுதியோடு ஒன்று கூட்டினால் இலக்கங்கள் 4,10,24,320. தசமப் பகுதி 0.9453, 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8.81 சொச்சம். எனவே எண் 88 என்று தொடங்கும். பள்ளிக்கூடத்து 0.30103-ஐப் போட்டால் 41024320.5 வந்து, ஒரு இலக்கம் கூடிப்போகும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அம்பாசமுத்திரம்: 2-இன் அடுக்குல ஒன்று கழிச்சது பகா எண்ணாக, அந்த அடுக்கு பகா எண்ணா இருந்தா போதாதா?

போதாது. 2^11 − 1 = 2047 = 23 × 89. பகு எண் அடுக்கானால் பார்க்கவே வேண்டாம், அது கட்டாயம் உடையும்: 2^15 − 1 ஐ 7-உம் 31-உம் வகுக்கும். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணானால், அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1-தான் வரும். 23, 89 இரண்டையும் 22-ஆல் வகுத்துப் பாருங்க.

பாளையங்கோட்டை: அப்ப பகா எண்தானான்னு பார்க்குற சோதனைய கையால செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி.

லூக்கா–லேமர் சோதனை. 2^7 − 1 = 127-ஐ எடுப்போம். 4-ல் தொடங்கி, வர்க்கமாக்கி 2 கழித்து 127-ஆல் வரும் மீதியை வைத்துக்கொள்ளணும். இதை அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்து முறை செய்யணும்: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண்.

வகுக்கவும் தேவையில்லை, அதுதான் இதன் அழகு. 67-இன் வர்க்கம் 4489, இரண்டு போக 4487. இது 128 × 35 + 7. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 35 + 7 = 42, மீதி கையில்! கம்ப்யூட்டருக்கு இது வெட்டிக் கூட்டும் வேலைதான். பெரிய பகா எண்கள் பெரும்பாலும் இந்த வடிவில் அகப்படுவதும் இதனால்தான்.

ஆனால் டுரான்ட் எண்ணுக்கு 13 கோடிக்கு மேல் வர்க்கம் வேண்டும். நடுவில் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் கடைசி மீதி குப்பை. அதனால் வேறு மெஷினில், வேறு நிரலில் திரும்பவும் ஓட்டுவார்கள்.

வள்ளியூர்: எக்செல்ல 2^61 − 1 போட்டா கடைசில பூஜ்யமா வருதே?

அது 15 இலக்கம் வரைதான் காட்டும், மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பும். சரியானது 2305843009213693951. பைத்தான் நிரல்மொழியில் போடுங்க.

களக்காடு: பேங்க் பாஸ்வேர்டைக் காக்க இது உதவுமா?

உதவாது. 2048 பிட் ஆர்எஸ்ஏ என்னும் ரகசியப் பூட்டு முறைக்குச் சுமார் 309 இலக்கமுள்ள இரண்டு பகா எண் போதும், ஆனால் அவை யாருக்கும் தெரியக் கூடாது. இதுவோ ஊரறிஞ்ச எண்.