போருக்கு ஓட்டுப் போட்டவர்கள்

கேள்வி: தலைவர் பதவிக்கு நிற்பவர் முன்பு ஒரு போரை ஆதரித்து ஓட்டுப் போட்டிருந்தால், அதற்காகவே அவரை ஒதுக்கிவிடலாமா?

பதில்: நான் முதலில் பார்ப்பது, ஓட்டுப் போடும் முன் என்ன படித்தார் என்பதை. இராக் மீது போர் தொடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் 2002 அக்டோபரில் அமெரிக்க செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. அதற்குச் சில நாள் முன்புதான் உளவுத்துறையின் ரகசிய அறிக்கை வந்திருந்தது, தொண்ணூறு பக்கத்துக்கு மேல். இராக் அணு ஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டது என்பதை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்கவில்லை என்கிற விஷயம் அதற்குள்ளேயே இருந்தது. முழுசாகப் படித்த செனட்டர்கள் சொற்பம். படித்தவர்களில் ஒருவரான பாப் கிரஹாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அறிக்கையின் சாரத்தைக் கேட்டுக்கொண்டதோடு நிறுத்திக்கொண்ட ஹிலாரி கிளின்டன் ஆதரித்தார். ஏமாந்துவிட்டேன் என்பது வேறு, பிரித்தே பார்க்கவில்லை என்பது வேறு. இரண்டாவதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: அன்றைக்குச் சபையிலேயே இல்லாதவர் 'போர் தப்பு' என்றால் நம்பலாமா?

பதில்: எப்போது சொன்னார் என்று பாருங்கள். ஒபாமா அப்போது இல்லினாய் மாநில செனட்டர், ஓட்டுப் போட வேண்டிய சங்கடமே அவருக்கு இல்லை. ஆனாலும் தீர்மானம் ஓட்டுக்கு வருவதற்கு முன்பே சிகாகோவில் கூட்டத்தில் ஏறிப் பேசிவிட்டார். பிரிட்டனில் எட் மிலிபேண்ட் எம்.பி. ஆனதே 2005இல். 2010இல் சொந்த அண்ணன் டேவிட்டை ஒரு சதவீத சொச்சத்தில் தோற்கடித்து லேபர் கட்சித் தலைவரானார், அடுத்த சில நாளில் மாநாட்டு மேடையில் இராக் போர் தவறு என்றார். கைதட்டல். போருக்கு ஓட்டுப் போட்டிருந்த அண்ணன் தட்டாமல், பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த கட்சித் துணைத் தலைவர் ஹாரியட் ஹார்மனைப் பார்த்து, நீங்களும் ஆதரித்துத்தானே ஓட்டுப் போட்டீர்கள், எதற்குத் தட்டுகிறீர்கள் என்று கேட்டது கேமராவில் சிக்கிவிட்டது! போரில் நான் டேவிட் பக்கம் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவரைப் பிடித்துப்போனது.

கேள்வி: பிற்பாடு மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகிவிடாதா?

பதில்: பிரிட்டனில் ராபின் குக் இராக் போரை எதிர்த்து அமைச்சர் பதவியை உதறியது 2003 மார்ச் 17, நாடாளுமன்ற ஓட்டெடுப்புக்கு முதல் நாள். அந்தப் போரைத் தப்பென்று ஹிலாரி புத்தகத்தில் எழுதியது 2014இல். நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டர்களும் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை. 2008இல் கட்சி வேட்பாளர் போட்டியில் ஹிலாரியைப் போட்டு வாட்டிய அதே இராக் ஓட்டு, 2020இல் பைடனை ஒன்றும் செய்யவில்லை. அந்த 77 பேரில் அவரும் ஒருவர்.