கெயிட் லேப் இல்லாமல் நடையைப் படிப்பது எப்படி?

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: நடைச் சுழற்சியின் கட்டங்கள் எல்லாம் மனப்பாடம், ஆனால் ஓ.பி.யில் நோயாளி நடந்து வந்தால் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை, கல்லூரியில் நடையைக் கருவிகளால் அளக்கும் கெயிட் லேபும் கிடையாது, என்ன செய்ய?

லேப் இல்லையே என்று இப்போது கவலைப்படாதீர்கள். முழு ஆளையும் ஒரே பார்வையில் பிடிக்கப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். ஒரு சுழற்சி, அதாவது ஒரு பாதம் தரையில் பட்டு அதே பாதம் மறுபடி படுவது வரை, முடிய ஏறக்குறைய ஒரு வினாடிதான், அதில் 60 சதவீத நேரம் அந்தப் பாதம் தரையில், 40 சதவீதம் காற்றில். அதற்குள் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று எல்லாவற்றையும் யார் கண்ணும் பிடிக்காது. நாலைந்து முறை நடக்கச் சொல்லி, ஒரு முறைக்கு ஒரு மூட்டை மட்டும் பாருங்கள். நோயாளி களைத்துவிடுவார் என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பாதத்திலிருந்து தொடங்குங்கள்: குதிகால் முதலில் படுகிறதா, முன்பாதம் தொப்பென்று விழுகிறதா? காதையும் கொடுங்கள், கணுக்காலைத் தூக்கும் தசை பலவீனமானால் தரையில் பாதம் அறைகிற சத்தமே காட்டிக்கொடுக்கும். அப்புறம் பக்கவாட்டில் நின்று முழங்கால், பின்னால் நின்று இடுப்பு.

இடுப்பில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வலது காலைத் தூக்கும்போது வலப்பக்க இடுப்பு இறங்கினால் வலதில் குறை என்று எழுதிவிடுகிறார்கள். குறை, தரையில் நிற்கும் இடது காலின் குளூட்டியஸ் மீடியஸில், அதாவது இடுப்பின் வெளிப்பக்கத் தசையில். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895லேயே இதை விளக்கிவிட்டார். சிலர் உடம்பை இடப்பக்கம் சாய்த்துச் சமாளிப்பார்கள், அப்போது இடுப்பு இறங்குவதே தெரியாது. சந்தேகமாக இருந்தால் நீங்களே இடது காலில் நின்று, உங்கள் இடது இடுப்பின் வெளிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், தசை இறுகுவது விரலுக்குத் தெரியும்.

இன்னொன்று, பெயரைக் கடைசியில் எழுதுங்கள், கண்டதை முதலில். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், ஒவ்வொரு அடிக்கும் தொடையைக் கையால் அழுத்தி நடந்தவரைப் பார்த்ததும் "வலி நடை" என்று எழுதிவிட்டான். வலி நடையில் நோகும் காலில் நிற்கும் நேரம் குறையும், அவருக்கு அது இல்லை. சின்ன வயதில் போலியோ வந்து குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்பக்கத் தசை) போனவர், முழங்கால் மடங்காமல் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருந்தது அந்தக் கைதான். கையை எடுத்து நடங்கள் என்று சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பார்.