மைலோ டின்னுக்குள் புளூடூத் ஏன் திணறுகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "தாத்தாவின் ரேடியோவிலிருந்து கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கர், இணையத்தில் வாங்கிய புளூடூத் ஆம்ப் போர்டு, பழைய பவர்பேங்க், மூன்றையும் பெரிய மைலோ டின்னில் அடைத்தேன். அஞ்சடியில் வைத்துவிட்டு, கைப்பேசியோடு அடுப்படிக்குப் போனால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. சத்தமும் தகர ஓசையாக இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவைத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்தே போகிறது. போர்டை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். புளூடூத்தில் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குப் பெருக்கித் தரும் அந்தப் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, குற்றம் டின்மேல். நானும் இதே தவற்றைப் பிஸ்கட் டின்னில் செய்து, போர்டு விற்ற கடைக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டவன்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. தகரம் அதைத் தடுத்துவிடும். போர்டின் ஓரத்தில் செம்புக் கோடு ஒன்று பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடும், பாருங்கள். அதுதான் ஏரியல். அதை டின்னுக்குள் பூட்டிவைத்தால், முன்பக்க ஓட்டை வழியாகக் கசிவதுதான் மிச்சம். அடுப்படிச் சுவரும் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். மைலோ டின்தான் அழகு என்றால் ஸ்பீக்கர் மட்டும் அதில் இருக்கட்டும். போர்டை பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் போட்டு டின்னுக்குப் பின்னால் ஒட்டாமல், மேலே நிற்க வையுங்கள்.

ஆனால் அந்தத் தகர ஓசையும் போக, என்னைக் கேட்டால், டின்னை முறுக்கு போட வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த மேசையின் பலகை லாச்சி ஒன்று இருந்தால் அதைவிட நல்ல பெட்டி கிடையாது. ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாட விடுங்கள், தவில் சத்தம் கேட்கவே கேட்காது. அப்புறம் பெரிய அட்டை ஒன்றில் ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதில் வைத்து அழுத்துங்கள். தவில் வந்துவிடும். காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அடிச்சத்தம்தான் முதலில் போகும். பெட்டி அதைத் தடுக்கிறது. அதனால்தான் மூட்டுகளில் சந்து இருக்கக்கூடாது. பசை வைத்து அடையுங்கள். உள்ளே பழைய துண்டைத் தளர்வாக வைத்தால் எதிரொலி அடங்கும். கூம்பில் கீறல் இருந்தால், மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டிவிடலாம்.

அணைந்துபோவது பவர்பேங்கின் புத்தி. மின்சாரம் மிகக் குறைவாகப் போனால் கைப்பேசி நிறைந்துவிட்டது என்று நினைத்து அது தன்னை அணைத்துக்கொள்ளும். பவர்பேங்கிலிருந்து வரும் 5 வோல்ட் பிளஸ், மைனஸ் கம்பிகளுக்குக் குறுக்கே 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை இணைத்தால் ஏறக்குறைய 0.1 ஆம்பியர் எப்போதும் ஓடும், பெரும்பாலான பவர்பேங்குக்கு அது போதும். ரெசிஸ்டர் சூடாகும், பெட்டிக்குள் இருக்கும் துண்டின் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

ஒரு ஸ்பீக்கர்தானே இருக்கிறது என்று போர்டின் இடது, வலது கம்பிகளைச் சேர்த்து முறுக்கவே கூடாது. இந்தச் சின்ன போர்டுகளில் பரவலாக இருக்கும் பி.ஏ.எம். 8403 போன்ற சில்லுகளில் (சிப்) ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியிலும் சத்தம் ஓடும். அதைப் போர்டின் கிரவுண்டோடோ மறுபக்கத்தோடோ இணைத்தால் சில்லு கருகிவிடக்கூடும். ஒரு பக்கம் மட்டும் இணைத்துக்கொண்டு, கைப்பேசியில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய் மோனோ ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மறுபக்கத்துப் புல்லாங்குழலும் இதிலேயே வந்துவிடும். காந்தத்தின் பின்னால் 4 அல்லது 8 ஓம் என்று எழுதியிருந்தால் சரி, அதற்குக் கீழே வேண்டாம்.

பவர்பேங்க் கொஞ்சம் உப்பியிருந்தாலும் அதைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது. வேறொன்று வாங்குங்கள். இரண்டாவது ஸ்பீக்கருக்காக மூலையில் கிடக்கும் பழைய பெட்டி டிவியைத் திறக்கும் ஆசை வரலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். பாசாரில் டிவி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், ஸ்பீக்கரை மட்டும் கழற்றித் தருவார்.