பழைய கட்டாரி, குத்துவாள்களைச் சுவர் ஷோகேஸில் பாதுகாப்பாக மாட்டுவது எப்படி?

தாத்தா காலத்துக் கட்டாரி ஒன்றும் குத்துவாள் இரண்டும் பரணில் கிடந்ததாகவும், அவற்றை ஹால் சுவரில் கண்ணாடிப் பெட்டி அடித்து மாட்ட ஆசை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பல்லடம் பக்கம் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படிக் கேட்டு வருகிற எல்லோரும் முதலில் கொக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். விழாமல் மாட்டுவதெல்லாம் பெரிய வித்தை இல்லைங்க. நாம் ஆசை ஆசையாகச் செய்கிற பெட்டியேதான் பல நேரம் இரும்பைத் தின்றுவிடுகிறது.

தேக்குச் சட்டம், உள்ளே எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை, அதன்மேல் பசை போட்டு ஒட்டிய சிவப்பு வெல்வெட். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்த பிறகும் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். எம்.டி.எஃப்.பில் உள்ள பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். திறந்த அலமாரி என்றால் காற்றோடு போய்விடும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? கத்திமேல்தான் உட்காரும். கம்பளி ஃபெல்ட்டும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம், பிடியில் வெள்ளி வேலைப்பாடு இருந்தால் கறுக்க வைத்துவிடும்.

அதனால் பின்பலகைக்குக் கடை முகப்பில் அடிக்கிற, இருபக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய ஏ.சி.பி. ஷீட்டையே போடுங்கள். அதன்மேல் சாயம் போடாத காடாத் துணி. அதற்கா நம் ஊரில் பஞ்சம்? பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போகிறவரை சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பசை தொடாமல் பின்பக்கம் மடித்து நூலால் இழுத்துக் கட்டிவிடலாம். கண்ணாடி இடுக்கை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசம் அடிப்பது ஆகாது.

சரி, மாட்டுகிற விஷயத்துக்கு வருவோம். பழைய குத்துவாள் பலவற்றில் கத்தியின் வாலைப் பிடிக்குள் செருகி அரக்கு ஊற்றித்தான் இறுக்கியிருப்பார்கள். வயதான அரக்கு பொரிந்து உதிரும், சூடு பட்டால் இளகும். முனை கீழே பார்க்கும்படி பிடியை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டால், ஒருநாள் பிடி கொக்கியிலேயே நிற்கும், கத்தி மட்டும் கீழே வரும். எனவே குத்துவாளைப் படுக்கைவசத்தில் வையுங்கள். பிடியும் கத்தியும் சேருகிற இடத்துக்கு அடியில் ஒரு முளை, கத்தியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இன்னொன்று. இரண்டிலும் முன்பக்கம் சிறு வளைவு இருந்தால் வெளியே சரியாது.

கட்டாரி வேறு ரகம். அதன் பிடி ஏணி மாதிரி: இரண்டு பக்கமும் நீளக் கம்பி, நடுவே குறுக்குப் பிடி. முனை கீழே பார்க்க, குறுக்குப் பிடிக்கு அடியில் இரண்டு முளை கொடுத்தால் அழகாக நிற்கும். முன்னதாகக் குறுக்குப் பிடியையும் ரிவெட்டையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதையும் படுக்கைவசத்திலேயே வைத்துவிடுங்கள்.

முளைக்கு 4 மில்லி பித்தளைக் கம்பி போதும். அதன்மேல் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடுகாட்டி இறுக்கிய பிறகே ஆயுதத்தை வையுங்கள். பாலியோலிஃபின் ரகமாக இருக்கட்டும், பி.வி.சி. வேண்டாம். மீன் நரம்பில் கட்டுவதையும் காந்தத்தில் ஒட்டுவதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. முனை ஓரத்தில் நரம்பு அறும், காந்தத்தில் கத்தி வழுக்கும்.

மூன்றுக்கு இரண்டடிக் கதவில் 5 மில்லி கண்ணாடி மட்டுமே ஏழு கிலோ வரும். டஃபன்டு கண்ணாடியாகப் போட்டு, பூட்டும் வைத்துவிடுங்கள். லீவுக்கு வரும் பேரன் பேத்திகளுக்கு ஸ்டூல் இழுத்துப் போடத் தெரியும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் கட்டை அந்தப் பொள்ளலுக்குள் சும்மா சுற்றும், உள்ளே போய் இறக்கை விரித்துப் பிடிக்கிற டாகிள் போல்ட் போடச் சொல்லுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரும் மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம். பெட்டிக்கும் சுவருக்கும் அரை அங்குலம் இடைவெளி விட்டால் ஓதம் ஏறாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று, ஐப்பசியில் அடைமழை. பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரை வைத்து, 50 சதவீதத்துக்குமேல் போகிறதா என்று பாருங்கள். போனால் உள்ளே வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையை மாற்றுங்கள். ரொம்பவும் கீழே இறக்கினால் மரப்பிடி, கொம்புப்பிடி வெடிக்கும். 40க்கும் 50க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. தோல் உறை இருந்தால் கத்தியைக் கழற்றிப் பக்கத்தில் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

புளி, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் வேண்டாம். பழைய உருக்கில் தண்ணீர் ஓடின மாதிரி மெல்லிய வரிகள் இருக்கலாம், தேய்த்தால் போய்விடும். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு, உருக்கு செய்த தடயங்களைத் தோண்டி எடுத்த சீமை நம்முடையது, அந்த வரியை நாமே அழிக்கக் கூடாது. விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். நைட்ரைல் கையுறை மாட்டிக்கொண்டு, டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய எண்ணெயைத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும்.

அப்புறம் ஆயுத பூஜை. முனையில் எலுமிச்சம்பழம் குத்துவது நம் வழக்கம்தான். ஆனால் மறுநாள் காலை பழத்தை எடுத்தால் அந்த இடத்தில் கறுப்பாக அரித்த வளையம் இருக்கும். சந்தனம், குங்குமத்தைப் பெட்டிச் சட்டத்தில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை கேட்டாலும் அனுப்பாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.