மச்சில் கிடைத்த பட்டணத்துப் படம்: வயது பார்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. பழைய வீட்டைப் பிரித்தபோது மச்சில் சட்டமிட்ட படம் ஒன்று கிடைத்தது. யாரோ மொட்டைமாடியில் நின்று சென்னைப் பட்டணத்தை எடுத்திருக்கிறார்கள். சாரம் கட்டிய பெரிய கட்டடம், அருகில் தனித் தூண், இடது ஓரத்தில் கடல். தெருவில் ஆளே இல்லை. பின்னட்டையில் பென்சிலில் ‘மதராஸ் 1905’ என்று எழுதியிருக்கிறது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இது எந்த ஆண்டுப் படம்? எப்படிக் காப்பது? பழம்பொருள் வியாபாரி விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பென்சில் எழுத்தை மறந்துவிடுங்கள். தாத்தா படம் வாங்கிய ஆண்டையோ சட்டம் போட்ட ஆண்டையோ எழுதியிருப்பார். ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து (நெகட்டிவ்) பத்து, பதினைந்து ஆண்டுகள் பிரதி போட்டு விற்பது அன்றைய ஸ்டூடியோக்களுக்கு வழக்கம். காட்சிக்கு ஒரு வயது, காகிதத்துக்கு இன்னொரு வயது.

காட்சியின் வயதைக் கட்டடங்களே சொல்லும். நீங்கள் அனுப்பிய செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாரத்துக்குள் இருப்பது உயர் நீதிமன்றம். சுவர்கள் எழுந்துவிட்டன, குவிமாடங்கள் இன்னும் ஏறவில்லை. கட்டுமானம் தொடங்கியது 1888, திறப்பு 1892 ஜூலை. பக்கத்துத் தூண் 1844 முதல் எரிந்த கலங்கரை விளக்கம். 1894இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கு மாறிவிட்டது. தூண் இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. ஆகவே காட்சி 1890ஐ ஒட்டியது என்பேன்.

இருப்பதைப் பார்த்த பிறகு இல்லாததைப் பாருங்கள். 1899இல் வந்த சட்டக் கல்லூரிக் கட்டடம் படத்தில் இல்லை. 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமின் தண்டவாளமும் தெருவில் தெரியவில்லை. ஆனால் ‘இல்லை’ என்று தீர்ப்பு எழுதும் முன் திசையைச் சரிபார்க்க வேண்டும். கேமரா பார்க்காத பக்கத்துக் கட்டடம் படத்தில் எப்படி இருக்கும்? சென்னையில் இது சுலபம், கடல் எப்போதும் கிழக்கு. உங்கள் படத்தில் கடல் இடது கையில் இருப்பதால், எடுத்தவர் வடக்கே ஒரு மாடியில் நின்று தெற்கே பார்த்திருக்கிறார். தகட்டைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்த படங்களும் உண்டு, ஒரு பெயர்ப்பலகையாவது நேராகப் படிக்க வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரு காலியாக இருப்பதில் மர்மம் இல்லை. தூரத்து மாடிகளும் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்குவார்கள். வெளிச்சம் குறையும், நேரம் நீளும். அதற்குள் நடந்தவர்கள் கரைந்துபோவார்கள். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் பாரிஸில் ஒரு மாடியிலிருந்து எடுத்த படத்தில் அவ்வளவு பெரிய சாலையில் பதிந்தது செருப்புக்கு மெருகு போடக் காலை நீட்டி நின்றவரும், போட்டுவிட்டவரும்தான். உங்கள் படத்திலும் உருப்பெருக்கி லென்ஸ் வைத்துத் தேடுங்கள்: வலது தெருமுனையில் அவிழ்த்துவிட்ட வண்டி ஒன்று கூர்மையாக நிற்கிறது, அதன் பக்கத்தில் புகைபோல ஒரு தீற்றல். அது மாடாக இருக்கலாம்.

காகிதத்தின் வயதுக்கும் அதே லென்ஸ் போதும். காகித நார் தெரிந்து, வெளிர் பகுதிகள் மஞ்சளித்து, நிழல்கள் ஊதா கலந்த பழுப்பாக இருந்தால் முட்டை வெண்கருப் பூச்சுக் காகிதம், அதாவது ஆல்புமென். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதி. நார் தெரியாமல், சாய்த்துப் பிடிக்கும்போது கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மினுங்கினால் ஜெலட்டின் பூச்சுக் காகிதம்; தாத்தாவின் 1905க்கு அது பொருந்தும்.

இனிக் கண்ணாடி. தயவுசெய்து உரிக்காதீர்கள். என் சொந்தக் குடும்பப் படம் ஒன்றைக் கத்தியின் நுனியால் நெம்பி எடுத்தேன். பெரியப்பாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. முப்பது ஆண்டு அனுபவத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து, கண்ணாடி வழியாகவே நல்ல கேமராவில் நகல் எடுத்துவிடுங்கள். சுவரில் மாட்டுவது அந்த நகலாக இருக்கட்டும்.

சட்டத்தின் பின்பக்கத்தை இப்போது திறக்க வேண்டாம். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் நம் ஊர்க் காற்றில் ஈரம் எண்பது சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஜெலட்டின் பிசுபிசுக்கும், பூஞ்சை ஏறும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று அடிக்கும் தை, மாசியில் திறந்து, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஈரத் துணி, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் ஆகாது. அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, மழைநீர் படும் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைப் படத்தின் மேலேயே போடுகிறவர்கள் உண்டு, அதுவும் கூடாது.

வியாபாரிக்கு இப்போதைக்கு ‘இல்லை’ என்று சொல்லுங்கள். விற்பது உங்கள் விருப்பம். ஆனால் நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தவிர, ஸ்டூடியோ பெயர் தெரியாத படத்துக்கு அவர் சொல்வதுதான் விலை. படத்தின் கீழ் மூலையில், சட்டத்தின் விளிம்புக்கு அடியில், வெள்ளையாகச் சிறிய எண்ணோ எழுத்தோ மறைந்திருக்கலாம். தகட்டில் மையால் எழுதுவார்கள், பிரதியில் அது வெள்ளையாக விழும். மாசியில் சட்டத்தைத் திறக்கும்போது முதலில் அங்கே பாருங்கள். பின்னட்டையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.